வாரம் 5 டாலர்: 1920-களின் அமெரிக்காவில் காரும் சேமிப்பும்

1920-களில் அமெரிக்கக் குடும்பங்கள் முதன்முறையாகப் பெருந்திரளாகக் கார் வாங்கின. பணத்தைச் சேர்த்துவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டுப் பணத்தைக் கட்டுவதா என்ற கேள்வி அப்போது வீடுகளிலும் வங்கிகளிலும் தேவாலயங்களிலும் விவாதிக்கப்பட்டது. ஃபோர்டு நிறுவனம் முதல் வழியை முன்வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டாம் வழியை முன்வைத்தது. பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் வழி வென்றது. அந்த வெற்றிக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை, பெருமந்தம் தொடங்கிய பின் 1930-இல் வெளிப்பட்டது.

விலை இறங்கிய கார்

ஃபோர்டின் மாடல் டி கார் 1908 அக்டோபரில் 850 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. சாதாரணத் தொழிலாளி ஒருவர் ஓராண்டு முழுவதும் ஈட்டிய கூலியைவிட இது அதிகம். டெட்ராயிட்டை அடுத்த ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913-இல் நகரும் பட்டையின் மீது காரைப் பொருத்தும் முறை வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. விலை 1916-இல் 360 டாலராகவும், 1920-களின் நடுவில் 300 டாலருக்குக் கீழும் இறங்கியது.

அப்போதும் 300 டாலர் என்பது வாரம் 35 டாலர் சம்பாதிக்கும் ஒருவரின் எட்டு வாரத்துக்கும் மேற்பட்ட கூலி. அதற்குப் பிறகு பெட்ரோல், டயர், உரிமக் கட்டணம், பழுதுபார்ப்பு என்று செலவு தொடரும். இத்தகைய குடும்பங்களில் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்துவைக்கக் கூடியவை குறைவு.

தவணை முறை அன்று புதியதல்ல. சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்றது. மேசை நாற்காலிகளும் பியானோவும் உழவுக் கருவிகளும் அப்படியே விற்கப்பட்டன. ஆனால் ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள் தவணையில் வாங்குவதைக் கௌரவக் குறைவாகவே எண்ணின. சிக்கனம் அன்று ஒரு பொது இயக்கமாகவும் இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பிறந்த நாளான ஜனவரி 17-இல் தொடங்கிச் சிக்கன வாரம் கொண்டாடியது. பள்ளிகளில் மாணவர் சேமிப்புக் கணக்குகள் நடந்தன. முதல் உலகப் போரின்போது 1917-லும் 1918-லும் அரசு வெளியிட்ட போர்க்கடன் பத்திரங்களை லட்சக்கணக்கானோர் சிறு தவணைகளில் வாங்கினர். மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கிக் கட்டும் பழக்கம் பல வீடுகளில் தேசபக்தியின் பெயரில் நுழைந்தது என்பது இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி. கார் விற்பனையாளர்கள் பின்னர் அதே பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டனர்.

தவணை வந்த வழி

காருக்குத் தவணை முறை முதலில் வாங்குபவரின் வறுமையால் வரவில்லை. ஆலையின் தேவையால் வந்தது. அன்றைய கார்கள் பெரும்பாலும் மேற்கூரை திறந்தவை, சாலைகள் மண்சாலைகள். மக்கள் வசந்த காலத்திலும் கோடையிலும்தான் கார் வாங்கினர். ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடினால்தான் கட்டுப்படியாகும். குளிர்காலத்தில் செய்த கார்களை முகவர்கள் முழுப்பணம் கொடுத்து எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. முகவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. காரை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வங்கிகளும் தயங்கின.

இந்த இடைவெளியில் நிதி நிறுவனங்கள் தோன்றின. டொலீடோ நகரின் கேரண்டி செக்யூரிட்டீஸ் நிறுவனம் 1916 வாக்கில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் கார்களுக்குத் தவணைக் கடன் கொடுத்தது. 1919-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கென ஒரு கடன் நிறுவனத்தையே தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் நிறுவனத்தின் நிதித் தலைவர் ஜான் ராஸ்கோப். முகவருக்கு இருப்பு வைக்கக் கடன், வாடிக்கையாளருக்கு வாங்கக் கடன் என இரண்டையும் அது கொடுத்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம் முன்பணம். மீதி ஏறத்தாழ 12 மாதத் தவணை. பாக்கி தீரும்வரை கார் சட்டப்படி வாங்கியவருக்குச் சொந்தமாகாது.

ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே மாடல் டி காரைவிட விலை கூடியது. மொத்த விலையை ஒப்பிட்டால் ஃபோர்டே மலிவு. மாதத் தவணையாகப் பார்த்தபோது அந்த வேறுபாடு சில டாலர்களாகச் சுருங்கியது. எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்வியாக மாறியது இங்கேதான்.

ஃபோர்டின் வாரச் சேமிப்புத் திட்டம்

ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. தம் நிறுவனத்தையும் வங்கிகளின் பிடியில் விடாமல் நடத்த விரும்பியவர் அவர். 1923 ஏப்ரலில் அவரது நிறுவனம் வாரச் சேமிப்புத் திட்டத்தை அறிவித்தது. 5 டாலர் கொடுத்து முகவரிடம் பெயர் பதியலாம். வாராவாரம் கட்டும் பணம் உள்ளூர் வங்கியில் வட்டியோடு சேரும். விலை முழுவதும் சேர்ந்ததும் கார் கிடைக்கும். வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து பணம் போடலாம் என்று விளம்பரங்கள் அழைத்தன.

கணக்குப் பார்த்தால் இது வாங்குபவருக்கு நல்ல திட்டம். தவணைக்காரர் கடனுக்குக் கட்டணம் கொடுத்தார். ஃபோர்டின் சேமிப்பாளருக்கு வட்டி வந்தது. 300 டாலர் காருக்கு வாரம் 5 டாலர் என்றால் ஓராண்டும் சில வாரங்களும் போதும். ஆனால் அந்த ஓராண்டும் அவர் நடந்தோ டிராமிலோ போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 200 டாலர் முன்பணத்தோடு அன்றே செவர்லேயை ஓட்டிவந்து நிறுத்தியிருப்பார். பாதியில் வீட்டில் நோயோ வேலையிழப்போ வந்தால் சேமித்த பணம் அதற்குப் போய்விடும். பெயர் பதிந்த பலர் கடைசிவரை கட்டிக் கார் எடுக்கவில்லை. சேமிப்புக்குப் பின்வாங்க வழி உண்டு, தவணைக்கு இல்லை. இந்த வேறுபாடே திட்டத்தைத் தோற்கடித்தது எனலாம்.

இதே போன்ற திட்டம் வேறோர் இடத்தில் இன்னும் கசப்பாக முடிந்தது. 1938 ஆகஸ்டில் நாஜி ஜெர்மனி, பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எனப்பட்ட காரை 990 மார்க்குக்குத் தருவதாக அறிவித்தது. வாரம் குறைந்தது 5 மார்க்குக்கு வில்லை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும், வட்டி கிடையாது. ஏறத்தாழ 3.36 லட்சம் பேர் சேமித்தனர். போர் வந்தது, ஆலை படைக்கு வண்டிகள் செய்தது, சேமித்தவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போருக்குப் பின் தொடுத்த வழக்கு 1961-இல் சமரசமாக முடிந்தது. முழுத் தொகையும் கட்டியிருந்தவர்களுக்கு ஒரு புதிய கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, இல்லையேல் 100 மார்க் ரொக்கம்.

அமெரிக்காவில் 1920-களின் நடுவில் விற்ற நான்கு கார்களில் மூன்று தவணையில் விற்றன. ஃபோர்டு கார்களும் விலக்கல்ல. அவற்றின் முகவர்கள் வெளி நிதி நிறுவனங்களை நாடினர். மாடல் டி உற்பத்தி ஒன்றரைக் கோடியைத் தாண்டி 1927 மே மாதம் நின்றது. 1928-இல் ஃபோர்டும் தனக்கொரு கடன் நிறுவனம் தொடங்கினார்.

மன்ஸி நகரத்துக் கணக்கு

இண்டியானா மாநிலத்தின் மன்ஸி நகரில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் 1924, 1925-இல் ஆய்வு செய்து 1929-இல் 'மிடில்டவுன்' நூலை வெளியிட்டனர். 1923 இறுதியில் அங்கே 6,221 கார்கள் இருந்தன. மூன்று குடும்பங்களுக்கு இரண்டு கார் என்ற அளவு அது. உள்ளூரில் வாங்கப்பட்டவற்றில் 75 முதல் 90 விழுக்காடு தவணையில் வாங்கியவை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வாரம் 35 டாலர் பெறும் தொழிலாளி மாதத்தில் ஒரு வாரக் கூலியைக் காருக்கென ஒதுக்குவது வழக்கமாயிருந்தது.

அந்த ஒரு வாரக் கூலி எங்கிருந்தோ வர வேண்டும். உடையிலிருந்தும் உணவிலிருந்தும் வீட்டைச் செப்பனிடும் பணத்திலிருந்தும் அது வந்தது. கார் வைத்திருந்த, வீடு பழுதுபட்ட 26 தொழிலாளர் குடும்பங்களை விசாரித்தபோது 21 வீடுகளில் குளியல் தொட்டி இல்லை. வீட்டை அடமானம் வைத்துக் கார் வாங்கியவர்களும் உண்டு. காரைக் கொடுப்பதைவிட உடைகளைக் குறைத்துக்கொள்வோம் என்ற பொருளில் ஒன்பது பிள்ளைகளின் தாய் ஒருவர் ஆய்வாளர்களிடம் கூறினார். இதை ஊதாரித்தனம் என்று எழுதியவர்கள் அன்றும் உண்டு. அந்தத் தாய்க்குக் கார், குடும்பம் முழுவதும் ஒன்றாக வெளியே போக இருந்த ஒரே வழி. குளியல் தொட்டி அதைத் தராது.

தவணையும் ஒருவகைச் சேமிப்பா?

ஜெனரல் மோட்டார்ஸின் பொருளுதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன் தவணை விற்பனையை ஆராய்ந்து 1927-இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். தொழிலுக்கு வாங்கும் கடன் நல்லது, நுகர்வுக்கு வாங்குவது கெட்டது என்ற பழைய பிரிவினையை அவர் ஏற்கவில்லை. கட்ட வேண்டிய தவணை இருப்பவர் ஒழுங்காக உழைப்பார், வரவு செலவைத் திட்டமிடுவார் என்றார். பணம் கொடுத்தவர் யார் என்பதை மனத்தில் வைத்தே அந்நூலைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதில் உண்மை இருந்தது: வங்கிக்குப் போட முடியாத பணத்தைத் தவணைக்குக் கட்டினார்கள்.

அவர் வாதம் நிற்காத இடம் வேறு. சேமித்த பணம் கையில் இருக்கும். காரின் மதிப்போ நாளுக்கு நாள் குறையும். கடைசித் தவணை கட்டி முடிந்ததும் அந்தப் பணம் வங்கிக்குத் திரும்பியிருக்கலாம். ஆண்டுதோறும் வந்த புதிய மாடல்கள் அதற்கு இடம் தரவில்லை. பழைய காரைக் கொடுத்து, அதையே முன்பணமாக்கி, அடுத்த தவணையைத் தொடங்குவது வழக்கமாயிற்று.

1930

1929 இலையுதிர் காலத்தில் பங்குச் சந்தை சரிந்தது. தவணை பாக்கி வைத்திருந்த குடும்பங்களின் நிலையைப் பொருளியல் வரலாற்றாளர் மார்த்தா ஆல்னி விளக்கியிருக்கிறார். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். 600 டாலர் கார், 200 முன்பணம், மீதி 400 டாலர் 12 தவணை. எட்டுத் தவணை கட்டிய பிறகு, கட்டணங்களைச் சேர்க்காமல் பார்த்தால், பாக்கி 133 டாலர். கார் பாதி விலைக்குப் போனாலும் 300 டாலர் பெறும். இந்த நிலையில் ஒரு தவணை தவறினால் நிதி நிறுவனம் காரை எடுத்துக்கொள்ளும். கட்டியது போனது போனதுதான். முன்பணம் அதிகம், காலம் குறைவு என்ற 'பாதுகாப்பான' விதிகளே கட்டத் தவறுவதை இவ்வளவு கொடுமையாக்கின.

ஆகவே குடும்பங்கள் தவணையைக் கட்டின. மற்றவற்றை நிறுத்தின. 1930-இல் கடைகளில் விற்பனை கடுமையாக விழுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது ஆல்னியின் முடிவு. தவணையை நம்பியிருந்த கார் ஆலைகள் தப்பவில்லை. 1929-இல் ஏறத்தாழ 45 லட்சம் கார்கள் செய்த நாடு, 1932-இல் 11 லட்சம்தான் செய்தது. இருக்கும் காரை மட்டும் மக்கள் விடவில்லை. லிண்ட் தம்பதியர் 1937-இல் வெளியிட்ட இரண்டாம் நூலின்படி, 1929-க்கும் 1933-க்கும் இடையே மன்ஸியில் பெட்ரோல் நிலையங்களின் விற்பனைத் தொகை 4 விழுக்காடே குறைந்தது. அதே காலத்தில் மரச்சாமான் கடைகளும் நகைக்கடைகளும் பெருமளவு வியாபாரத்தை இழந்தன.

1930-களின் பிற்பகுதியில் முன்பணம் குறைந்து தவணைக் காலம் நீண்டது. 1938-இன் சரிவில் மக்கள் 1930-இல் போலச் செலவைச் சுருக்கவில்லை. கட்ட முடியாதவர்கள் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அரசு விதித்த சேமிப்பு

1941 செப்டம்பரில் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், தவணை விற்பனைக்கு வரம்பு விதித்தது. காருக்கு மூன்றில் ஒரு பங்கு முன்பணம், அதிகபட்சம் 18 மாதம். அடுத்த பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. ஆலைகள் டாங்கியும் விமானமும் செய்யத் திரும்பின. கையில் கூலி இருந்தது, வாங்கக் கார் இல்லை. வருமானத்தில் சேமிப்பின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டியது. அதில் கணிசமான பகுதி போர்ப் பத்திரங்களுக்குப் போனது. சிக்கன இயக்கம் பல ஆண்டுகள் பேசியும் செய்ய முடியாததைக் காலியான கார் கடைகள் செய்தன. போர் முடிந்ததும் அந்தப் பணம் கார் கடைகளுக்கு வந்தது. தவணைக் கட்டுப்பாடு 1952-இல் கடைசியாக நீக்கப்பட்டது. 1955-இல் 36 மாதத் தவணை சாதாரணமாகியிருந்தது.