சரத்கால இதழும் வங்க நாவலும்

சரத் என்ற சொல்லை இலையுதிர்காலம் என்று மொழிபெயர்ப்பது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. இது ஆங்கிலப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுத்த பழக்கம். வங்காளத்துச் சரத்காலத்தில் இலை உதிர்வதில்லை. மழை ஓய்கிறது, ஆற்றங்கரையில் நாணல் வெள்ளையாகப் பூக்கிறது, துர்க்கை பூஜைக்குப் பந்தல் போடுகிறார்கள். பூஜையை ஒட்டி, பத்திரிகைக் கடைகளில் தடித்த விசேஷ இதழ்கள் வந்து இறங்குகின்றன. 'சாரதீயா' என்று பெயர். வீட்டுக்கு ஒரு பிரதி வாங்கி, யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டு, விடுமுறை முழுவதும் கைமாறுகிற இதழ்கள் இவை. கவிதை, சிறுகதை, கட்டுரை எல்லாம் உண்டு. ஆனால் முதுகெலும்பு நாவல்தான். 'தொடரும்' போடாத முழு நாவல். ஓர் இதழில் ஒன்றல்ல, பல.

வங்க நாவலைப் பற்றி நிறையப் பேசுகிற நாம் இந்த இதழ்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. வங்க நாவல் நம்மிடம் வந்து சேர்ந்த விதம் அப்படி. த. நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்புகள் தொடங்கி நேஷனல் புக் டிரஸ்டின் வெளியீடுகள் வரை, அது புத்தகமாகவே நம் கைக்கு வந்தது. அது முதலில் அச்சான பக்கத்துக்கு எதிரில் எந்தக் கூந்தல் தைலத்தின் விளம்பரம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆகவே அங்கே இலக்கியம் ஒரு தெருவிலும் வியாபாரம் வேறொரு தெருவிலும் குடியிருந்ததாக நினைத்துக்கொண்டோம். ஜனரஞ்சகப் பத்திரிகையை எதிர்த்து நாம் வாதாடும்போதெல்லாம் வங்காளத்தைச் சாட்சிக்கு அழைத்தோம். சாட்சி சொல்லக்கூடியது வேறு.

இந்த வழக்கத்தின் ஆரம்பம் இலக்கியமே அல்ல. கேசவ சந்திர சென்னின் 'சுலப சமாசார்' என்ற மலிவு விலை வார இதழ் 1873இல் பூஜை விடுமுறைக்கென்று 'சுட்டீர் சுலப்' என்ற தனி இதழ் வெளியிட்டது. விலை ஒரு பைசா. விடுமுறையில் படிக்க மனிதனுக்கு ஏதாவது வேண்டும் என்ற கண்டுபிடிப்புதான் இதில் முக்கியம். ஓய்வும் கையில் கொஞ்சம் காசும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் வாசகன் உண்டாகிறான். போனஸும் பண்டிகை முன்பணமும் பட்டுவாடா ஆகும் நாட்களைக் கவுண்டருக்கு உட்புறமிருந்து பார்க்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் துணியும் இனிப்பும் வாங்கியது போக மிச்சத்தில் ஒரு புத்தகத்துக்கும் இடம் ஒதுக்கினான் வங்காளி. அவனுடைய ரசனை நம்முடையதைவிட உயர்ந்தது என்பதற்கு இது அத்தாட்சி அல்ல. அவன் வீட்டுப் பண்டிகைப் பட்டியலில் வாசிப்பும் ஓர் அயிட்டமாக ஏறிவிட்டது என்பதுதான் விஷயம்.

பட்டியலில் ஏறிய பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது என்பது பத்திரிகை ஆசிரியர்களின் கையில் இருந்தது. 1940இல் ஆனந்த பஜார் பத்திரிகையின் சாரதீயாவில் ரவீந்திரநாதரின் 'லாபரேட்டரி' வந்தது. அப்போது அவருக்கு 79 வயது. கதாநாயகி சோஹினி கற்பைப் பற்றிக் கவலைப்படாதவள். இறந்துபோன கணவனின் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் விசுவாசமாக இருப்பவள். குடும்பத்தோடு கூடிப் படிக்கிற பண்டிகை இதழில் அந்தக் கிழவர் இவளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பண்டிகை இதழ் என்றால் மங்களமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதி அங்கே அன்றைக்கே தளர்ந்துவிட்டது.

அறுபதுகளில் இது இன்னும் கூர்மையாயிற்று. 1953இல் தொடங்கிய 'கிருத்திவாஸ்' என்ற கவிதைச் சிற்றிதழின் சுனில் கங்கோபாத்யாய், தமது முதல் நாவலான 'ஆத்மப்ரகாஷ்' மூலம் 'தேஷ்' சாரதீயாவின் வழியாகவே நாவலுக்குள் நுழைந்தார். 1967இல் அதே 'தேஷ்' சாரதீயாவில் சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' வந்தது. சுகேன் என்ற ரவுடி தன் கதையைத் தன் வாய்மொழியிலேயே சொல்லும் நாவல். கட்சிக்காரன், வாத்தியார், குடும்பம் எவரையும் அவன் விட்டுவைப்பதில்லை. 1968இல் ஆபாசம் என்று ஒரு வக்கீல் வழக்குத் தொடுத்தார். புத்ததேவ போஸ் எழுத்தாளரின் பக்கம் நின்று சாட்சி சொல்லியும், மாஜிஸ்டிரேட் எழுத்தாளரையும் அச்சிட்டு வெளியிட்டவரையும் குற்றவாளிகள் என்றார். இதழின் 174ஆம் பக்கத்திலிருந்து 226ஆம் பக்கம் வரை அழித்துவிட வேண்டும் என்றும் உத்தரவு. உயர்நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 1985 செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கொச்சையும் ஆபாசமும் ஒன்றல்ல என்பது தீர்ப்பின் சாரம். நாவல் வெளியாகிப் பதினெட்டுச் சரத்காலங்கள் கழிந்திருந்தன.

ஒரு சிற்றிதழில் 'பிரஜாபதி' வந்திருந்தால் வழக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். படிக்கக் கூடாதவர்கள் படித்துவிட்டார்கள் என்பதுதான் குற்றம். அந்த ஐம்பத்து மூன்று பக்கங்களுக்கு முன்னும் பின்னும் வீட்டில் எல்லாருக்குமான எழுத்து இருந்தது. இலக்கியம் ஆபத்தானது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது ஆபத்தாவதற்குக் கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது.

மகாஸ்வேதா தேவியின் 'ஹஜார் சௌராஷிர் மா'வும் சரத்கால இதழில்தான், 1973இல் 'பிரசாத்'தில், முதலில் வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் சுஜாதாவின் மகன் பிரதி பிணவறையில் 1084ஆம் எண்ணாகக் கிடந்தவன். ஒரே நாளில், காலையிலிருந்து இரவுக்குள், நடந்து முடிகிற நாவல். கல்கத்தாத் தெருக்களில் நக்ஸலைட் இளைஞர்கள் கொல்லப்பட்டு இரண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அந்த வருஷப் பூஜைக்குப் புதுத்துணி வாங்கிய வீடுகளில் இதைப் படித்தார்கள். படித்தவர்களில் ஒரு பிரதியை இழந்த தாயும் இருந்திருக்கலாம். அவனைக் காட்டிக்கொடுத்த அண்டைவீட்டுக்காரனும் இருந்திருக்கலாம்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. பூஜைத் தேதி எவருக்காகவும் தள்ளிப்போவதில்லை. பெயர் வாங்கிய எழுத்தாளனிடம் நாலு பத்திரிகைகள் நாலு நாவல் கேட்கும். மழைக்காலம் முழுவதும் அவன் அச்சாபீஸ் பையனை வாசலில் நிறுத்திவைத்து எழுதிக்கொடுப்பான். பக்கம் நிறைந்த இடத்தில் நாவல் முடிந்துவிடும். இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை அடுத்த பூஜை வரைகூட உயிரோடு இருக்கவில்லை. இந்த யந்திரத்தைக் கண்டு விலகி நின்றவர்களும் உண்டு. 2023இல் மறைந்த சுபிமல் மிஸ்ர கடைசிவரை பெரிய பத்திரிகை எதிலும் எழுதவில்லை. தம் எழுத்தைச் சிற்றிதழ்களோடேயே நிறுத்திக்கொண்டார். அவர் பிடிவாதத்தின் நியாயத்தை நம்மைப் போன்றவர்கள் உடனே புரிந்துகொள்வோம். ஆனால் அவர் மறுத்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மறுக்கும்படியான ஓர் இடம் அங்கே இருந்தது.

தமிழில் தீபாவளி மலர் சிறுகதைக்கும் சித்திரத்துக்கும் அருள்வாக்குக்கும் இடம் தந்தது; எப்போதாவது ஒரு குறுநாவலுக்கும். முழு நாவல் மலரின் முதுகெலும்பு ஆனதில்லை. நாவலை வாராந்தரத் தொடர்கதைக்கு விட்டுவிட்டோம். அது வாரக் கடைசித் திருப்பத்துக்குப் பழகிக்கொண்டது. பழக மறுத்த நாவல்களில் சில, 1946இல் க. நா. சு.வின் 'பொய்த்தேவு' போல, நேராகப் புத்தகமாக வந்தன. சில, 'ஒரு புளியமரத்தின் கதை' போல, சிற்றிதழில் தொடங்கி நின்று, பின்னால் 1966இல் புத்தகமாயின. இவை சுத்தமாக இருந்தன. இவற்றைப் படித்து ஒருவரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பது எனக்கு இப்போது தெளிவாக இல்லை.

இப்போது சாரதீயா இதழ்கள் சரத்காலத்துக்குக் காத்திருப்பதில்லை. போட்டியில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நடுமழையிலேயே கடைக்கு வந்துவிடுகின்றன. விடுமுறை வரும்முன் இதழ் பழசாகிவிடுகிறது. அந்த ஏற்பாடு இனியும் ஒரு 'பிரஜாபதி'யைத் தருமா என்பது வங்காளிகளின் கவலை. நம் கவலை வேறு. பண்டிகைக் காசில் வாங்கிய மலரில், வீட்டில் எல்லாரும் புரட்டக்கூடிய இடத்தில், அப்படி ஐம்பத்து மூன்று பக்கங்களைத் தரும்படி நம்மில் யாராவது ஓர் ஆசிரியரைக் கேட்டிருக்கிறோமா? தரமாட்டார் என்று நாமே முடிவு செய்துகொண்டு திரும்பிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.