தெப்பலைக் கரை சேர்க்கும் வித்தை

தீபத் திருவிழா வெளியூர்க்காரர்களுக்குப் பத்தாம் நாளோடு முடிந்துவிடும். மகா தீபம் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகும் மூன்று ராத்திரி பாக்கி இருக்கிறது. அய்யங்குளத்தில் முதல் நாள் சந்திரசேகரர், இரண்டாம் நாள் பராசக்தி அம்மன், மூன்றாம் நாள் சுப்பிரமணியர் என்று தெப்பல் உற்சவம்.

கரையில் நிற்கும் நம் கண்ணெல்லாம் சுவாமி மேலும் விளக்கு அலங்காரத்தின் மேலும்தான் இருக்கும். அவ்வளவு பெரிய தெப்பல், கார்த்திகை மாதத்து வாடைக்காற்றில், குளத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட படித்துறையிலேயே இடிக்காமல் எப்படி நிற்கிறது? இதை யாரும் அதிகமாக யோசிப்பதில்லை. அது ஒரு தனி வித்தை.

தேரோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். மாட வீதி முனையில் பெரிய தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தடியில் கட்டை விழுந்தால் தேர் நிற்கும், சாய்த்துப் போட்டால் திரும்பும். தெப்பலுக்குச் சக்கரமும் இல்லை, முட்டுக்கட்டையும் இல்லை. இழுப்பதை நிறுத்திய பிறகும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அடிப்பக்கம் தட்டை. படகுக்கு இருப்பதுபோல் தண்ணீரைக் கிழித்து நேர்வழியில் நிறுத்துகிற கூரான அடிமரம் கிடையாது. அதனால் காற்று தள்ளிய பக்கம் நகரும், சில சமயம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

காற்றின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரத்துக்கு மண்டபமும் அலங்காரமும் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் மேல் நேராக அடித்தால், ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல் இருக்கும். நாலைந்து பேர் சமாளித்துவிடலாம். வேகம் 40 கிலோமீட்டர் ஆனால் தள்ளல் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். 400 கிலோ! திடீரென்று ஒரு காற்று வீசினால் கயிறு பிடித்தவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

நம் முன்னோர் இதற்குக் கண்ட வழி, கரையிலிருந்தே தெப்பத்தை ஆள்வது. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் கல் சுவர். தைப்பூசத்தன்று மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் எழுந்தருளிய தெப்பத்தைக் கரையில் நடந்தபடியே பக்தர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று.

இன்னும் பெரியது திருவாரூர் தெப்பம். கமலாலயத்தைக் கோயிலுக்குச் சமமாக ஐந்து வேலி என்று சொல்வார்கள். அந்தக் குளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பேரல்களை அடியில் அடுக்கி, மேலே மூங்கிலும் மரமும் கொண்டு கோயில் போலவே எழுப்புகிறார்கள். சுவாமியோடு கச்சேரி செய்பவர்களும் கேட்பவர்களுமாக ஒரு கூட்டமே அதில் ஏறிவிடும். மிதக்கும் வீடு என்றே சொல்லலாம்.

இத்தனை பெரிய பாரத்தை நகர்த்துவது கஷ்டமில்லை. தண்ணீரில் மிதப்பதைச் சில பேர் இழுத்தாலே மெதுவாக அசைந்து வரும். கஷ்டமெல்லாம் நிறுத்துவதில்தான். இழுக்கிற கயிற்றைவிடப் பிடித்து நிறுத்துகிற கயிறு முக்கியம். முன்னால் இழுப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், காற்று வருகிற பக்கத்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுக்கிறவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் ஒரேயடியாக விட்டாலும் கெட்டது, விடாமல் இறுக்கினாலும் கெட்டது.

அவருக்கு உதவியாகக் கரையில் ஒரு கல்தூண் இருந்தால் போதும். கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றினால், உராய்வினால் பிடிப்பு ஆறேழு மடங்கு கூடும். இரண்டு சுற்றுப் போட்டால் நாற்பது மடங்குகூட ஆகலாம். கையால் பிடித்தால் பத்துப் பேரை இழுத்துப் போகிற பாரத்தை ஒருவரே தூணருகில் நின்று நிறுத்திவிடலாம். கிணற்றில் இறங்குபவரைக் கயிற்றில் விட்ட நம் கிராமத்துக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி.

கரை சேர்ப்பதில் காற்றின் திசை முக்கியம். கரையிலிருந்து குளத்தை நோக்கிக் காற்று அடித்தால் இழுக்கச் சிரமம், ஆனால் ஆபத்து குறைவு. இழுப்பதை நிறுத்தினால் தெப்பமும் தானாக நிற்கும். குளத்திலிருந்து கரையை நோக்கி அடித்தால் சுலபம் போலத் தோன்றும், ஆபத்து அதில்தான். இழுக்காமலே வந்து படிக்கட்டில் மோதும். அப்போது பின்பக்கத்துக் கயிற்றை முன்கூட்டியே பிடித்து, கடைசி இருபது முப்பது அடியை அங்குலம் அங்குலமாக விட வேண்டும்.

கேரளத்துக் கெட்டுவள்ளங்களின் கதையும் இதையே சொல்கிறது. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்த நெல் படகுகள் அவை. மூட்டைகளோடு போகும்போது தண்ணீரில் நன்றாக அமிழ்ந்திருக்கும், காற்றுக்கு அகப்படுகிற உடம்பு கொஞ்சம்தான். நீண்ட கழியை ஊன்றியே தள்ளிப் போவார்கள். லாரிகளும் பாலங்களும் வந்து அந்தத் தொழில் படுத்தபின், 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழைப் பக்கம் அவற்றின் மேல் அறைகள் கட்டி வீட்டுப்படகுகள் ஆக்கினார்கள். அடியில் பாரம் குறைந்தது, மேலே உயரம் கூடியது. மோட்டார் வைத்தாலும், கரை சேரும் நேரத்தில் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பி, மெதுவாக வந்து, முதல் கயிற்றைக் காற்று வரும் பக்கத்தில் கட்டுகிறவரே நல்ல படகோட்டி. நம் தெப்பல் கயிறு பிடிப்பவர் செய்வதும் இதைத்தான்.

இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. பெரியவர் பக்கத்தில் சின்னவர் நின்று, கையில் கயிறு எவ்வளவு கனக்கிறது என்று உணர்ந்துதான் வரும். அதற்கு வருஷா வருஷம் தெப்பம் ஓட வேண்டும். மதுரையில் தண்ணீர் இல்லாத காரணத்தால் பல வருஷங்கள் நிலைத்தெப்பமாகவே உற்சவம் நடந்தது. வைகைத் தண்ணீர் வந்து குளம் நிரம்பியபின் மீண்டும் மிதக்கும் தெப்பத்தைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. குளம் வற்றினால் திருவிழாவின் அழகோடு கயிறு பிடிக்கிற கையின் பழக்கமும் போகும். குளத்தை ஒரே மழையில் நிரப்பிவிடலாம். அந்தப் பழக்கம் திரும்பிவரப் பல வருஷம் ஆகும்.

அதனால் அடுத்த கார்த்திகையில் அய்யங்குளத்துக்குப் போகும்போது பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள. சுவாமியைச் சேவித்தபின், முன்னால் இழுக்கும் கூட்டத்தைக் காட்டுங்கள். பிறகு பின்னால் சத்தமில்லாமல் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருப்பவரையும் காட்டுங்கள். தெப்பல் அலுங்காமல் கரை சேர்வது அவரால்தான்.