ஸிந்து நாட்டு உழவர் தொண்டர் ஹைதர் பக்ஷ் ஜதோயி

ஒரு நாட்டின் சரித்திரத்தை அரசர்களின் பட்டாபிஷேகங்களைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதுவது பெருவழக்கு. ஆயின், அந்நாட்டுக் களத்துமேட்டில் அம்பாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று ஆராய்வோமாயின், அரண்மனை ஏடுகளிற் காணாத உண்மைகள் பல புலனாகும். ஸிந்து நாட்டைக் களத்துமேட்டிலிருந்து நோக்கி, கண்டதை அஞ்சாது எழுதி, அதன் பொருட்டுச் சிறையும் புகுந்த பெரியார் ஹைதர் பக்ஷ் ஜதோயி ஆவர். கவியும், நூலாசிரியரும், உழவர் தலைவருமாகிய அவரது வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி ஈண்டுச் சுருக்கமாக எழுதுகின்றோம்.

இவர் லார்க்கானா ஜில்லாவில், மொகஞ்சதாரோவுக்கு அணித்தாயுள்ள பக்கோதேரோ என்னும் சிற்றூரில் 1901-ஆம் ஆண்டில் பிறந்தார். கராச்சியிற் கல்லூரிக் கல்வி முடித்து, ரெவினியூ இலாகாவில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து டிப்டி கலெக்டர் பதவியை எய்தினார். அக்காலத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை எய்தக்கூடிய பதவிகளுள் அது மிகப் பெரியது. அதனைப் பெற்றோர் ஜமீன்தார்களின் விருந்தினராய் வாழ்நாளை இனிது கழித்தல் எளிது. ஜதோயியோ நிலவரிக் கணக்கைப் பார்க்குந்தோறும் ஒன்றை உணர்ந்தார்: நிலத்தின் பெயர் ஏட்டில் இருந்தது, நிலத்துக்குடையவர் பெயரும் இருந்தது, அந்நிலத்தை உழுதவன் பெயர் மட்டும் உரிமையாளர் நிரலில் எங்கும் இல்லை.

அவ்வுழவனை ஸிந்து நாட்டார் ஹாரி என்பர். 1843-இல் ஆங்கிலேயர் ஸிந்துவை வென்று, 1847-இல் பம்பாய் மாகாணத்துடன் சேர்த்தனர். 1932-இல் சுக்கூர் அணை திறக்கப்பட்டது. வறண்டு கிடந்த பெருநிலப்பரப்பில் நீர் பாய்ந்தது. 1936-இல் ஸிந்து தனி மாகாணமாயிற்று. நீரும் வந்தது, சட்டசபையும் வந்தது. ஆனால் ஹாரியின் நிலை மாறிற்றில்லை. பத்தாய் எனப்படும் வார முறைப்படி விளைவிற் பாதி அவனுக்கு என்பது பொதுவழக்கு. அப்பாதியிலிருந்து விதைக்கடனும், உணவுக்கு வாங்கிய கடனும், அதன் வட்டியும், அளப்பவன் கூலியும், காரியஸ்தர் கேட்கும் காணிக்கையும் களத்திலேயே கழிக்கப்பட்டன. எழுத்தறியா ஹாரிக்கு எழுதியவர் சொன்னதே கணக்கு. கடன் தீராதவரை ஊரைவிட்டு நகரவும் வழியில்லை. ஜமீன்தார் போ என்றால் தங்கவும் உரிமையில்லை. கூலியில்லா வெட்டி ஊழியம் இவற்றிற்கு மேல். முஸ்லிம்களும், பீல், கோலி, மேக்வார் முதலிய வகுப்பினரும் இந்நுகத்தை ஒருங்கே சுமந்தனர்.

இவர்களுக்காக 1930-இல் ஸிந்து ஹாரி கமிட்டி தோன்றிற்று. கராச்சி நகரின் பெருந்தொண்டர் ஜம்ஷெட் மேத்தாவும் ஜி. எம். ஸையதும் அதனைத் தோற்றுவித்தோருட் சிலர். முதலில் அது கற்றோரின் கருணைச் சங்கமாகவே இருந்தது எனலாம். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ஜதோயி தம் பதவியை ராஜிநாமாச் செய்து, தம்மை அக்கமிட்டிக்கு ஒப்படைத்தார். ரெவினியூ ஏடுகளின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் உழவர் பக்கம் வந்து நின்றது அவ்வியக்கத்துக்குப் பெரும் பலமாயிற்று. இரக்கம் காட்டுக என்று அவர் கேட்டாரில்லை. பாதி விளைவு கழிவின்றி வேண்டும், உழுபவன் பெயர் பதிவாக வேண்டும் என்றே கேட்டார்.

இக்கோரிக்கைக்கு விலையாக உயிரும் கொடுக்கப்பட்டது. 1947 ஜூன் மாதம் ஜூடோ என்னும் ஊரில் ஹாரி மகாநாடு கூடிற்று. ஆடவர் பலர் அங்குச் சென்றிருந்தனர். அச்சமயம் பார்த்து ஜமீன்தாரின் ஆட்கள் ஒரு கிராமத்துக் களத்திலிருந்த தானியத்தை எடுத்துச் செல்ல வந்தனர். மாயி பக்தாவர் என்னும் ஹாரிப் பெண்மணி, பங்கீடு ஆகாமல் மணியொன்றும் நகராது எனத் தடுத்து நின்று, குண்டுபட்டு மாண்டார். பள்ளியிற் பயிலாத அம்மாது பங்கு என்பதன் பொருளைப் பண்டிதரினும் நன்கு அறிந்திருந்தார் அன்றோ?

அவ்வாண்டிலேயே சர்க்கார், ஸர் ரோஜர் தாமஸ் தலைமையில் ஹாரி விசாரணைக் கமிட்டியொன்றை நியமித்தது. 1948-இல் வெளிவந்த அறிக்கை பெரும்பாலும் ஜமீன்தாரி முறைக்குச் சார்பாகவே இருந்தது. அங்கத்தினருள் ஒருவரான ஐ.சி.எஸ். அதிகாரி எம். மஸூத் அதற்கு உடன்படாது, ஹாரியின் வாழ்வை அச்சமே ஆள்கின்றது என்பதை விளக்கித் தனிக்குறிப்பு வரைந்தார். அக்குறிப்பு உடனே வெளியிடப்படவில்லை. பொதுமக்களின் கிளர்ச்சிக்குப் பின்னரே வெளிவந்தது. 1950-இல் ஜதோயியின் தலைமையில் ஹாரிகள் ஆயிரக்கணக்கிற் கராச்சியில் திரண்டு சட்டசபையின் முன் நின்றனர். ஸிந்து குடிவாரச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறிற்று.

ஒரே ஜமீன்தாரிடம் மூன்றாண்டுகள் தொடர்ந்து, ஆண்டுதோறும் 4 ஏக்கருக்குக் குறையாமற் பயிரிட்ட ஹாரிக்கு நிலைத்த குடியுரிமை உண்டு என்று அச்சட்டம் கூறிற்று. வெற்றி பெரிதே, எனினும் அதனுள்ளேயே ஓட்டையும் இருந்தது. மூன்றாண்டு நிரம்புமுன் ஹாரியை ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்துக்கு மாற்றிவிட்டால் உரிமை எங்ஙனம் பிறக்கும்? பலவிடத்து அவ்வாறே செய்தனர். கொத்தடிமையை ஒழிக்கப் பாகிஸ்தானத்தில் 1992-இல் வேறொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று என்பதொன்றே, 1950-இன் சட்டம் ஏட்டளவில் நின்றமைக்குச் சான்றாகும்.

1955-இல் ஸிந்து மாகாணம் கலைக்கப்பட்டு மேற்குப் பாகிஸ்தானம் என்னும் ஒரே மாகாணத்துள் அடக்கப்பட்டது. ஜதோயி இதனையும் எதிர்த்தார். நாட்டின் பெயரும் மொழியும் மறைந்தால், அம்மொழியன்றி வேறறியாத உழவன் கச்சேரியிலும் ஊமையாவான் என்பது அவர் எதிர்ப்பின் சாரம் எனலாம். சிறு பிரசுரங்கள் பல எழுதினார். அவர் பாடிய 'ஜீயே ஸிந்து' என்னும் கவிதையின் பெயர் பின்னர் அந்நாட்டு அரசியலின் முழக்கமாயிற்று. ராணுவ ஆட்சியிற் பன்முறை சிறையிலிடப்பட்டார். ஒருகாலத்தில் உத்தரவிடும் நாற்காலியில் அமர்ந்தவர், சிறைக்கூடத்துத் தரையில் அமர நாணினாரல்லர்.

1970 மே 21-ஆம் நாள் அவர் காலமானார். ஸிந்து மறுபடியும் தனி மாகாணமானது அவ்வாண்டு ஜூலை முதல் நாள். அவர் கண்மூடி 41 நாட்களே கழிந்திருந்தன. தாம் வேண்டிய விடியலைக் காணாமலே மறைந்தார்.

பதவி பெற்றவனைச் சமூகம் போற்றுகின்றது. அப்பதவியால் அறிந்ததைத் தன்னினும் எளியாருக்குப் பயன்படுத்தியவனைச் சரித்திரம் போற்றும். ஒரு சட்டம் இயற்றுவித்ததோடு கடமை முடிந்தது என்று ஜதோயி ஓய்ந்தாரில்லை. அது களத்துமேட்டை எட்டும் வரை முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஸிந்து நாட்டுக் களங்களில் அப்பணி அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. உழுதவன் பங்கு உழுதவன் வீடு சேரும் நாளே அவருக்கு உற்ற நினைவுச் சின்னமாகும்.