புல்லும் தேனீயும்: ஒரு பாடநூல் விடையின் வரலாறு

புற்களில் மகரந்தச் சேர்க்கை காற்றால் நிகழ்கிறது என்பது நம் தாவரவியல் தேர்வுகளில் ஒரு மதிப்பெண் விடை. அது தவறன்று, ஆனால் எந்த நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் கேட்பதில்லை.

1694இல் டூபிங்கனில் கமெராரியுஸ், மக்காச்சோளத்தின் சூல்தண்டு இழைகளை அகற்றினால் மணி பிடிப்பதில்லை என்று கண்டு தாவரங்களின் பாலினத்தை நிறுவினார். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது எது என்பது அவருடைய கேள்வியன்று. அதை விரிவாக எடுத்துக்கொண்டவர் பெர்லினை அடுத்த ஸ்பாண்டோவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஸ்ப்ரெங்கல். 1793இல் வெளிவந்த அவரது நூல், தேனும் நிறமும் உள்ள மலர்கள் பூச்சிகளை நம்புவன, அவையின்றி மகரந்தத்தை மிகுதியாக உதிர்ப்பவை காற்றை நம்புவன என்று பிரித்தது. அப்பிரிவினையில் புல் காற்றின் பக்கம் சேர்ந்தது. அவர்கள் கண்முன் இருந்தவை ஐரோப்பாவின் திறந்த புல்வெளிகளும் தானிய வயல்களும். அங்கே காற்றுக்குக் குறைவில்லை.

மழைக்காட்டின் அடித்தளத்தில் காற்று அசைவதே அரிது. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் புற்களைப் பூச்சிகள் நாடுவதை 1971இல் சோடர்ஸ்ட்ராமும் கால்டெரோனும் எழுதினர். அவற்றுள் பரியானா என்னும் பேரினத்தில், புற்களில் வழக்கமான மூன்று மகரந்தத்தாள்களுக்கு மாறாக, தாள்கள் பல. மூங்கிலும் புல்லே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில மூங்கில்களுக்கு வரும் பூச்சிகளைப் பற்றிய கோஷி குழுவினரின் கட்டுரை 2001இல்தான் வந்தது.

இத்தாமதத்துக்கு மூங்கிலே ஒரு காரணம். மிசோரத்தின் மெலோகன்னா ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தில் அதை இருமுறை காண்பது அரிது. அப்பூப்பைப் பற்றிய எழுத்தில் எலியும் பஞ்சமும் பெற்ற இடத்தைப் பூவின் மேல் அமர்ந்த பூச்சி பெறவில்லை என்பது என் எண்ணம்.

ஆயினும் தேனீ வந்தது என்பதாலேயே மகரந்தச் சேர்க்கை நடந்தது என்று எழுதிவிடக் கூடாது. மக்காச்சோள வயலில் காலையில் தேனீக்கள் ஆண் கதிரை மொய்த்து மகரந்தம் திரட்டும். கமெராரியுஸ் அகற்றிய அந்த இழைகளில் அவற்றுக்குத் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. அங்கே தேனீ கொள்வதே மிகுதி, கொடுப்பது சொற்பம். மூங்கிலில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே பூவில் இருப்பதால் கணக்கு மாறலாம். பூச்சி நுழையாதபடி வலையிட்ட கிளையிலும் வலையிடாத கிளையிலும் விதைகளை எண்ணி ஒப்பிட வேண்டும். அதற்கு முதலில் மூங்கில் பூக்க வேண்டும்.