கர்ப்பிணிகளுக்காகக் கட்டியது, உலகத்துக்கே உதவியது

கொரோனா காலத்துத் தொழில்நுட்பம் என்றாலே எல்லோரும் ஸூம் கூட்டத்தையும் ஆன்லைன் வகுப்பையும்தான் சொல்வார்கள். நான் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருப்பது வேறொரு கதை. 2020 மார்ச் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சேவையைத் தொடங்கியது. "ஹாய்" என்று அனுப்பினால் போதும், தொற்று பற்றிய விவரங்கள் வந்து சேரும். உங்களில் சிலர் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் வேர் ஜெனீவாவில் இல்லை. தென்னாப்பிரிக்காவில், கர்ப்பிணிகளுக்குச் செய்தி அனுப்பிப் பழகிய அனுபவத்தில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 2010இல் அமெரிக்காவில் 'டெக்ஸ்ட் ஃபார் பேபி' என்ற இலவச எஸ்எம்எஸ் சேவை வந்தது. கர்ப்பத்தின் வாரத்துக்கும் குழந்தையின் வயதுக்கும் ஏற்றபடி குறிப்புகள் வரும். மறு ஆண்டு, இதையே ஏழை நாடுகளுக்குக் கொண்டுபோக 'மாமா' என்ற கூட்டணியை ஹிலாரி கிளிண்டன் அறிவித்தார். (நமக்கு மாமா என்றால் வேறு உறவு. அங்கே அது அம்மா!) முதலில் தேர்ந்தெடுத்த மூன்று நாடுகள் இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா.

இந்த மூன்றில் தென்னாப்பிரிக்கா செய்ததுதான் முக்கியம். 2014 ஆகஸ்டில் அரசே 'மாம்கனெக்ட்' என்ற பெயரில் திட்டத்தைக் கையில் எடுத்தது. தொடங்கி வைத்தவர் அப்போதைய சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோலெடி. பரிசோதனைக்கு வரும் பெண்ணின் கையில் இருக்கிற போனிலேயே, நர்ஸ் உதவியோடு பதிவு நடக்கும். பிரசவத் தேதி, விருப்பமான மொழி போன்ற சில விவரங்கள் கேட்பார்கள். சாதாரண பட்டன் போன் போதும், காசு கிடையாது. அதன்பின் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை செய்திகள் வரும். அவளும் திருப்பிக் கேள்வி கேட்கலாம், "கிளினிக்கில் என்னை மரியாதையாக நடத்தவில்லை" என்று புகாரும் சொல்லலாம். அதைப் படித்துப் பதில் சொல்ல மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2017இல் வாட்ஸ்அப்பும் சேர்ந்தது.

2020 மார்ச் கடைசியில் அந்த நாடும் ஊரடங்குக்குள் போனது. பல சிகிச்சைகளைத் தள்ளிப்போடலாம், பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது இல்லையா? பஸ் சரியாக இல்லை, கிளினிக் போனால் தொற்றிவிடுமோ என்ற பயம் வேறு. குழந்தைகளுக்கான தடுப்பூசி எண்ணிக்கை அந்த ஏப்ரலில் சரிந்தது. ஆனால் எந்தப் பெண் எத்தனை மாதம், அவளை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்பது ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தது. மாம்கனெக்டில் வேலை பார்த்த பிரேகெல்ட் என்ற தொண்டு நிறுவனம், அந்த அனுபவத்தை வைத்தே நாட்டு மக்கள் எல்லோருக்குமான கொரோனா தகவல் சேவையைச் சட்டென்று எழுப்பியது. உலக சுகாதார நிறுவனத்தின் "ஹாய்" அதன் அடுத்த படி.

இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் நியாயமாகாது. போன் ரத்த அழுத்தம் பார்க்காது, குழந்தையை எடை போடாது, ஊசி போடாது. வாட்ஸ்அப்புக்கு ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டும், எஸ்எம்எஸ்ஸுக்கு அது தேவைப்படவில்லை. 2019இல் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் எச்ஐவியோடு வாழ்ந்த நாடு அது. வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற போனில் என்ன செய்தி வருகிறது என்பது அந்தப் பெண்ணுக்கு ஆபத்தாகவும் முடியலாம். இன்னொன்று, பெயரிலேயே 'மாம்' மட்டும்தான். அப்பாவை யாரும் பதிவு செய்யச் சொல்லவில்லை.

இருந்தாலும் இந்த வரலாற்றில் எனக்குப் பிடிபடுவது இதுதான்: ஊரடங்கில் கைகொடுத்த கருவி ஊரடங்கில் கட்டப்பட்டதில்லை. ஆறு வருடம் முன்னாலிருந்தே, அவசரம் எதுவும் இல்லாத நாட்களில், கிளினிக் நர்ஸ்கள் ஒவ்வொரு பெண்ணாக உட்காரவைத்துப் பதிவு செய்த வேலை அது. அடுத்த தொற்றுக்கு என்ன செயலி தயாராக இருக்கிறது என்று கேட்பவர்கள், இன்று அந்த நர்ஸ் நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கலாம்.