தருமிக்குக் கிடைத்த பொற்கிழி

2009-ம் வருடம் ஜனவரி 31-ம் தேதி சனிக்கிழமையன்று நடிகர் நாகேஷ் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75. அந்த இரண்டு மூன்று நாட்களும் தமிழ்த் தொலைக்காட்சிகளில் அவருடைய பழைய காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வருத்தத்துடன் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சோக நடிகர் மறைந்தால் ரசிகர்கள் அவர் படத்தைப் பார்த்து அழலாம். நகைச்சுவை நடிகர் மறைந்தால் அதற்குக்கூட வழியில்லை. அவர் பேசிய வசனத்தை ஒருவர் தொடங்க இன்னொருவர் முடிக்க, சபையே சிரிக்கும். அதுதான் அவருக்குச் செய்யும் அஞ்சலி.

சித்தூர், திருப்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அஞ்சலியில் ஒரு தனி அர்த்தம் உண்டு. தூர ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் அது பொருந்தும் என்பதால் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

எல்லைக்கோடு நகர்ந்த ஊர்கள்

தமிழ் வழங்கும் நாட்டுக்கு வடக்கு எல்லை வேங்கடமலை என்று பழைய இலக்கண நூல் வகுத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சிக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே இருந்துவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, ஸ்ரீகாளஹஸ்தியும் அதில் சேர்ந்தது.

கோடு நகர்ந்தாலும் ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் தெலுங்கு என்று வாழ்க்கை அமைந்தது. இதில் யாருக்கும் குறையொன்றும் இல்லை. தெலுங்கும் நம் காதுக்கு இனிய பாஷைதான். தியாகராஜ ஸ்வாமியின் பாஷையாயிற்றே. ஆனால் ஒரு தலைமுறை போனதும் குழந்தைகளுக்குத் தமிழ் பேச வந்தது, படிக்க வரவில்லை. பாட்டி வாங்கின விகடனும் கல்கியும் பேரன் கையில் வெறும் படப் புத்தகமாயின.

படிக்கத் தெரியாத வீட்டில் பாஷை காது வழியாகத்தான் நிற்க வேண்டும். இங்கே அதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஸேவிக்கப்படுகிறது. தமிழ் எழுத்தே அறியாத எத்தனையோ தெலுங்கு வைஷ்ணவர்கள் ஆழ்வார் பாசுரங்களைத் தெலுங்கு லிபியில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு பிழையில்லாமல் சொல்கிறார்கள். தெய்வ விஷயத்தையும் சினிமாவையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். செவி வழியாகப் பாஷை பிழைக்கும் என்பதற்காகச் சொன்னேன். லௌகிகத்தில் அந்தக் காரியத்தைப் பெரிதும் செய்தது ரேடியோவில் வந்த ஒலிச்சித்திரமும், கல்யாண வீட்டிலும் கோயில் உற்சவத்திலும் ஒலிபெருக்கியில் போட்ட 'திருவிளையாடல்' வசன இசைத்தட்டும்தான். அந்த இசைத்தட்டில் அதிகம் கேட்கப்பட்ட குரல்களில் ஒன்று நாகேஷின் குரல்.

தாராபுரத்துக் கன்னடக்காரர்

நாகேஷ் 1933 செப்டம்பர் 27-ம் தேதி தாராபுரத்தில் பிறந்தவர். கன்னடம் பேசும் மாத்வ குடும்பம். ஆக, அவரும் நம்மைப்போல வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை என்று வளர்ந்தவர்தான். அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. ஒல்லியான தேகம். சென்னையில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். ரயில்வே ஊழியர்கள் போட்ட ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சின்ன வேஷம் ஒன்று கிடைத்தது. தலைமை வகிக்க வந்த எம்.ஜி.ஆர்., கதாநாயகனை விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரரைப் பாராட்டிப் பேசினார். உத்தியோகத்தை விட்டுவிட்டு நாகேஷ் நடிப்புக்கே வந்தார்.

1959-ல் 'தாமரைக்குளம்'. 1962-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' அவரை ஊரறியச் செய்தது. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை'. அதில் டி.எஸ். பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அதே வருடம் ஏ.வி.எம்.மின் 'சர்வர் சுந்தரம்'. ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தர் எழுதியது அது. பாலசந்தர் டைரக்டரான முதல் படம் 'நீர்க்குமிழி' (1965); கதாநாயகன் நாகேஷ். ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே சாவை நோக்கிப் போகும் புற்றுநோயாளி வேஷம். பின்னர் 'எதிர்நீச்சல்' (1968). ஒண்டுக் குடித்தனத்தில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து வளரும் அநாதைப் பையன் மாது. கிட்டு மாமாவும் பட்டு மாமியும் நம் வீடுகளில் இன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடும் பாத்திரங்கள். அந்தப் பட்டு மாமியாக வந்த சௌகார் ஜானகியின் தாய்மொழி தெலுங்கு. கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் சேர்ந்து நமக்கு நம் வீட்டுத் தமிழையே நடித்துக் காட்டினார்கள்.

காளஹஸ்தி வரை வந்த கதை

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்துத் தருமிதான். மொத்தத்தில் சில நிமிஷ வேஷம். பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்டு, பாட்டெழுத வராமல் கோயிலில் தனியாகப் புலம்புகிறார் தருமி. புலவர் வேஷத்தில் வந்த சொக்கநாதரிடம் (சிவாஜி கணேசன்) கேள்வி கேட்டு மாட்டிக்கொள்கிறார். வாங்கின பாட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய் நக்கீரரிடம் (நாகராஜனே நடித்தார்) அவமானப்படுகிறார். சிவாஜியின் எதிரில் நின்றும் அந்தக் காட்சியைத் தன்னுடையதாக்கிக் கொண்டார் நாகேஷ். அதில் ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகத் திரையுலகில் சொல்வார்கள்.

படம் மதுரையோடு நின்றுவிடுகிறது. கதை இங்கே காளஹஸ்தி வரை வருகிறது. நக்கீரர் பெயரில் பதினோராம் திருமுறையில் 'கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி' என்ற நூல் இருக்கிறது. கயிலையும் காளத்தியும் ஒன்று என்பது அதன் கருத்து. விஜயநகர காலத்தில் தூர்ஜடி என்ற மகாகவி தெலுங்கில் 'ஸ்ரீ காளஹஸ்தீச்வர மாகாத்மியம்' பாடினார். கிருஷ்ணதேவராயரின் அஷ்டதிக்கஜங்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். கண்ணப்பர் கதை இருக்கும் அந்தக் காவியத்திலேயே நம் நக்கீரர் 'நத்கீரர்' என்ற பெயரில் வருகிறார். பஞ்சத்தில் வாடும் ஏழை அர்ச்சகருக்கு ஈச்வரன் பாட்டெழுதிக் கொடுப்பதும், புலவர் குற்றம் சொல்வதும், சாபம் பெறுவதும் அதில் உண்டு. சாபம் தீர அவர் கடைசியில் வந்து சேரும் இடம் தக்ஷிண கைலாசமான காளஹஸ்தி.

ஆகவே ஸ்வர்ணமுகிக் கரையில் இருப்பவர்களுக்குத் தருமி அந்நியர் இல்லை. தெலுங்கர்கள் அவரைக் காவியத்தில் அறிந்தார்கள். எல்லைத் தமிழர்கள் அவரை நாகேஷாகவே அறிந்தார்கள். காளத்தியில் தரிசனம் முடித்துப் பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் யாராவது ஒரு மாமா தருமி வசனத்தைத் தொடங்கிவிட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தமிழைக் குழந்தைகள் அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லும்.

கதை போகும், வசனம் போகுமா?

நாகேஷ் படங்கள் எல்லையைத் தாண்டவில்லை என்று சொல்ல முடியாது. 'காதலிக்க நேரமில்லை' தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965) ஆயிற்று; ஹிந்தியில் 'பியார் கியே ஜா' (1966). 'சர்வர் சுந்தரம்' ஹிந்தியில் 'மைன் சுந்தர் ஹூம்' (1971). 'எதிர்நீச்சல்' தெலுங்கில் 'சம்பரால ராம்பாபு' (1970), ஹிந்தியில் 'லாக்கோன் மே ஏக்' (1971). ஹிந்திப் படங்கள் மூன்றிலும் நாகேஷ் வேஷத்தை மெஹ்மூத் செய்தார். ராம்பாபுவாகத் தெலுங்கில் சலம் நடித்தார். இருவரும் பெரிய கலைஞர்கள். பார்த்தவர்களும் நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் கதை மட்டும்தான் பயணம் செய்தது. ஒவ்வொரு பாஷையிலும் வேறு ஒருவர் வந்து சிரிக்க வைக்க வேண்டியிருந்தது. நாகேஷின் சிரிப்பு தமிழோடு ஒட்டிக்கொண்டு தமிழிலேயே தங்கிவிட்டது.

இதற்கு விலக்காக ஒரு வேஷம் உண்டு. இடையில் வாய்ப்பு குறைந்த வருடங்களுக்குப் பிறகு நாகேஷின் இரண்டாவது சுற்றுக்குப் பெரிதும் காரணமானவர்கள் கமல்ஹாசனும், நெல்லூர் ஜில்லாக்காரரான டைரக்டர் சிங்கீதம் ஸ்ரீநிவாச ராவும். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வில்லனும், 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) அவிநாசியும் சிங்கீதம் படங்களில் வந்தவை. 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷுக்கு அவர் கொடுத்த வேஷம் ஒரு பிணம். வசனம் கிடையாது, கண்ணும் அசையக் கூடாது. நாற்காலியிலும் தள்ளுவண்டியிலும் அந்த உடம்பு விழுந்த விதத்தைப் பார்த்துத் தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். பேச்சை எடுத்துவிட்டால்தான் அவர் எல்லையைத் தாண்டினார் என்பதை நினைத்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது.

பட்டமும் பொற்கிழியும்

அரசு மரியாதை என்ன கிடைத்தது? தமிழக அரசின் கலைமாமணி உண்டு. 'நம்மவர்' (1994) படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது உண்டு. பத்ம விருது ஒன்றும் வரவில்லை. தெலுங்கு நகைச்சுவை நடிகர் ரேலங்கிக்கு 1970-லேயே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2009 குடியரசு தினப் பட்டியலில் தமிழ் நகைச்சுவை நடிகர் விவேக், தெலுங்கு நடிகர் பிரம்மானந்தம் இருவர் பெயரும் இருந்தன. இருவரும் தகுதியானவர்கள்தான். குடியரசு தினம் முடிந்து ஐந்தாம் நாள் நாகேஷ் போனார். ரசிகர்களின் அஞ்சலிப் பேச்சில் பாதி இந்தக் குறையாகவே இருந்தது.

நகைச்சுவை நடிகர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்றும் சொல்ல முடியாது. 1957-ல் மறைந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குத் தியாகராய நகரில் சிலை இருக்கிறது. 1969 ஜனவரி 14 அன்று முதல்வர் அண்ணா, உடல் நலமில்லாத நிலையிலும் வந்து அதைத் திறந்து வைத்தார். 2021 ஏப்ரலில் விவேக் மறைந்தபோது ரசிகர்கள் மாலைக்குப் பதில் ஊர் ஊராக மரக்கன்று நட்டார்கள். மரம் நடுவது அவர் எடுத்துக்கொண்ட பணி. நாகேஷ் விட்டுப்போனது வசனமும் உடல்மொழியும்தான். அவற்றைச் சொல்லிக்கொண்டும் செய்துகொண்டும் இருக்க ஆட்கள் வேண்டும்.

கதையில் தருமிக்குப் பொற்கிழி கடைசியில் கிடைத்துவிட்டது. நாகேஷுக்கு உரிய பொற்கிழி, வீட்டில் ஒருவர் ஒரு வரியைத் தொடங்கும்போது மற்றவர்கள் சிரிப்பதில் இருக்கிறது. அது சர்க்கார் கொடுக்கக்கூடியது இல்லை. தமிழ் புரியும் காதுகள் இருக்கும் வரையில்தான் அவருக்குச் சேரும். சித்தூரிலும் திருப்பதியிலும் அந்தக் காதுகள் குறைந்து வருகின்றன. பெங்களூர், மும்பை, டில்லி அங்கத்தினர்களின் பேரக் குழந்தைகளிடமும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன். பேரன் சிரிக்கவில்லையே என்று தாத்தா வருத்தப்படுவதில் பிரயோஜனமில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, இந்த வார்த்தைக்கு இது அர்த்தம், இந்த இடத்தில் சிரிப்பு என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். தருமி காட்சியை அப்படி ஒரு குழந்தைக்கு விளக்கப் புகுந்தால், பாண்டிய சபையும் நக்கீரரும் காளத்தியும் கூடவே வந்துவிடும்.

வரும் 2033 செப்டம்பரில் நாகேஷ் பிறந்து நூறு ஆண்டு நிறைகிறது. அதற்குள் ஒவ்வொரு கிளையிலும் ஆண்டு விழாவில் குழந்தைகளை வைத்துத் தருமி காட்சியை ஒரு தடவையாவது மேடையேற்றலாம். வசனத்தை அவரவருக்குத் தெரிந்த லிபியில் எழுதிக்கொள்ளட்டும். சொல்வது தமிழாக இருந்தால் போதும்.