சீகிரியா சுவரில் உமி, டயருக்குள் மணல்

போன கிழமை தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீகிரியா ஏறினோம். சுழல் படியில் மூச்சு வாங்கி ஓவியங்களுக்கு முன்னால் நின்றபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், இது வெறும் மண்தானே? 1500 வருசமா எப்படி விழாம நிக்குது?"

வெறும் மண் இல்லை. காசியப்பன் காலத்தில், அதாவது 5ஆம் நூற்றாண்டின் கடைசியில், அந்தப் பாறையில் பூசிய களிமண்ணில் நெல் உமியும் தாவர நாரும் கலந்திருக்கின்றன. மேலே சுண்ணாம்புப் பூச்சு. களிமண் தனியே காய்ந்தால் வெடித்துவிடும். உமியும் நாரும் அந்த வெடிப்பு ஓடவிடாமல் இழுத்துப் பிடிக்கும். தனித்தனியே ஒன்றுக்கும் உதவாத இரண்டைச் சேர்த்து, இரண்டிலும் இல்லாத குணத்தை எடுப்பது. இதற்கு இப்போது கூட்டுப்பொருள் என்று பெயர்.

இறங்கி வரும்போது பஸ் டயரைக் காட்டி, இதுவும் அதே வித்தைதான், ஆனால் தலைகீழ் என்றேன். அங்கே கடினமான மண்ணுக்குள் மென்மையான நார். இங்கே மென்மையான இறப்பருக்குள் கடினமான தூள். பிள்ளைகள் நம்பவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

இறப்பர் நம் நாட்டு மரமில்லை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே வருடம் 1,919 நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹேனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர் கதை பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. 1890களின் கடைசியில் பேராதனையில் ஜோன் பார்கின் என்ற விஞ்ஞானி பாலை அசற்றிக் அமிலம் விட்டு உறைய வைக்கும் முறையை ஆராய்ந்து சொன்னார்.

ஆனால் உறைந்த இறப்பர் மட்டும் எதற்கும் போதாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். அப்படியும் தேய்மானம் போகவில்லை. ஆரம்ப கால டயர்கள் வெளிர் நிறம். நாக ஒட்சைட்டு என்ற வெள்ளைத் தூளைக் கலந்தார்கள். 1904இல் லண்டன் சில்வர்டவுன் தொழிற்சாலையில் எஸ்.சி. மோட் கரித்தூளைக் கலந்து பார்த்தபோதுதான் இறப்பரின் உறுதி எகிறியது. டயர் கறுப்பானது அதன் பிறகு.

கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பது இதில் இன்னொரு விசயம். ஓடும் வண்டியில் சேரும் நிலைமின் அந்தக் கறுப்பு டயர் வழியாகவே தரைக்கு இறங்கிப் போகிறது. 1992இல் மிச்லின் கரித்தூளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைப் போட்டது. சிலிக்கா என்றால் மணலின் பொருள்தான், மிக நுண்ணிய தூளாக. எரிபொருள் மிச்சம், ஈர வீதியில் நல்ல பிடிப்பு. ஆனால் சிலிக்கா கடத்தாது, மின் இறங்க வழியில்லாமல் போனது. அதனால் சிலிக்கா டயரின் நடுவில் கரித்தூள் இறப்பரால் மெல்லிய ஒரு கோடு விடுகிறார்கள். இன்னொரு தொல்லை, சிலிக்காவுக்குத் தண்ணீர் பிடிக்கும், இறப்பருக்குப் பிடிக்காது. இரண்டையும் கைகோர்க்க வைக்க சிலேன் என்ற ஒட்டுப்பொருள் வேண்டும். இல்லாவிட்டால் தூள் கட்டிகட்டியாகத் திரண்டு, கிழிசல் அங்கேயே தொடங்கும்.

கணக்கும் சுவையானது. திரவத்தில் மிதக்கும் மணிகளுக்கு ஐன்ஸ்டைன் 1906இல் எழுதிய சமன்பாட்டைத்தான் பிறகு இறப்பருக்கும் நீட்டினார்கள். கன அளவில் கால் பங்கு தூள் கலந்தால் இறப்பர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விறைப்பாகும். மின் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானின் மின்கோடு மாறிலி ஆயிரத்துக்கு மேல், இறப்பருடையது 3க்குள். கால் பங்கு கலந்தாலும் இறப்பரின் எண் இரண்டு மடங்கு அளவுக்குத்தான் ஏறும். காரணம், ஒவ்வொரு மணியும் இறப்பர் கடலில் தனித்தீவு. கூட்டிக்கொண்டே போனால் மின் குணம் ஏறும், ஆனால் இழுத்தால் அறுந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் இந்தத் துறையின் முழுச் சண்டையும். உயரழுத்தக் கம்பங்களில் பீங்கானுக்குப் பதில் தொங்கும் சிலிக்கோன் இறப்பர் காவலிகளும் இப்படி நிறுத்திய இடம்தான். அவற்றுக்குள் அலுமினிய ஐதரொட்சைட்டுத் தூள் இருக்கிறது.

எங்கள் உம்மும்மா கூப்பன் அரிசியைப் பற்றி அடிக்கடி சொல்வார். அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. அமெரிக்கா முகம் சுளித்தது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க விடவில்லை. அப்போது சீனாவோடு தூதரக உறவுகூட நமக்கு இல்லை. அந்த இறப்பர்தான் எங்கள் பெரியவர்களின் தட்டில் சோறானது.

கப்பலில் போனது வெறும் சீற் இறப்பர். டயரோ காவலியோ அல்ல. இன்று ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் திண்ம டயர்களை நாமே செய்து ஏற்றுமதி செய்கிறோம், அது பெரிய மாற்றம். அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் புல்மோட்டையின் கனியமணலில் தைத்தானியம் இருக்கிறது, பொரலஸ்கமுவையில் வெண்களி இருக்கிறது, மாத்தளையில்கூட இறப்பர்த் தோட்டம் இருக்கிறது. மணல் இன்னும் மணலாகவே கப்பலேறுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

பஸ் புறப்படும்போது அதே பிள்ளை பின்சீற்றிலிருந்து கேட்டான்: "சேர், அப்ப பரீட்சையில இறப்பர் கடத்தியா, காவலியா?"

பரீட்சையில் காவலி என்று எழுது மகன், வெளியே வந்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று முதலில் கேள் என்றேன்.